குப்பிக்குள் முடி

நர்ஸா நீ? பையில மாட்டியிருக்கிற அட்டையைப் பார்த்தேன், அதான் கேட்டேன். சேலத்துலதான் வேலையா? லீவுல ஊருக்குப் போறியா? கிருஷ்ணகிரியிலதான் இறங்கணுமா? போ போ, நல்லா இரு. நர்ஸுன்னா உங்கிட்டச் சொல்லலாம் கண்ணு. பஸ்ஸுல மத்தவங்ககிட்டச் சொன்னா முதல்ல அந்தச் சாமான் என்னன்னு விளக்கணும், அதுக்குள்ள அவங்க இறங்குற ஊரே வந்துரும்.

நீங்க நோயாளிக்கு சலைன் ஏத்துறீங்கல்ல, அந்த ட்ரிப் செட், அதைச் செய்யற கம்பெனியிலதான் நான் இருக்கேன். ஓசூருக்கு இந்தப் பக்கம். தரம் பார்க்கிற பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இருபத்தாறு வருஷ சர்வீஸ், மூணு கம்பெனி. பேரு சாந்தகுமாரி. என்னை இன்னைக்கு எங்க உக்கார வெச்சிருக்காங்க தெரியுமா? பத்தாவது ஃபெயிலான பொம்பளை உக்காந்திருந்த ஸ்டூல்ல. அஞ்சு மாசமா. ஒருத்தியால. சொல்றேன் கேளு, அப்புறம் நீயே சொல்லு யாரு மேல தப்புன்னு.

எங்க ஹால்ல நாப்பத்திரண்டு பொம்பளைங்க. தலையில தொப்பி, வாயில மாஸ்க், கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை அங்கி. கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். முதல்ல ட்யூபை அளந்து வெட்டுவாங்க. அடுத்து சொட்டு விழுமே, அந்தக் குப்பியை ட்யூபுல பசை வெச்சு ஒட்டுவாங்க. அப்புறம் சொட்டைக் கூட்டிக் குறைக்கிற உருளை, ஊசி. அப்புறம் காத்தடிச்சு ஓட்டை இருக்கான்னு சோதனை. அப்புறம் சுருட்டிக் கவர்ல போட்டு ஒட்டுறது. கடைசியில எங்க ஆளுங்க பார்த்து, சரின்னா கிருமி சாக கேஸ் அடிக்கப் பெட்டி போகும். அவ்வளவுதான்.

நான் அங்க சேர்ந்தப்ப குப்பி ஒட்டுற இடத்துக்கு அடுத்தாப்ல ஒரு லைட் டேபிள் இருந்துச்சு. கீழேயிருந்து வெளிச்சம் வர்ற கண்ணாடி மேசை. அதுல நாகவேணின்னு ஒருத்தி. முப்பத்தாறு, முப்பத்தேழு வயசிருக்கும். ராயக்கோட்டைப் பக்கம் ஏதோ ஊரு. பேருக்கேத்த மாதிரி சடை இடுப்புக்குக் கீழ தொங்கும், அதைச் சுருட்டித் தொப்பிக்குள்ள திணிக்கவே அவளுக்குப் பத்து நிமிஷம் ஆகும். ஏழு வருஷமா அந்த மேசைதான். குப்பியை எடுப்பா, வெளிச்சத்துல ஒரு திருப்பு திருப்புவா, வைப்பா. தூசி, பிசிறு, பசை வழிஞ்சது, எதுவா இருந்தாலும் அந்தக் குப்பியை மட்டும் கழட்டிப் போட்டுடுவா. ஒட்டினவகிட்டயே நேராப் போய், "அக்கா, பசை கொஞ்சம் அதிகமா வருது பாரு"ன்னு காதுல சொல்லிட்டு வந்துடுவா.

நல்ல விஷயம்தானேன்னு நினைப்ப. எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. ஆனா யோசிச்சுப் பாரு, அவ அங்கயே எல்லாத்தையும் எடுத்துட்டா கடைசியில எங்க பிரிவுக்கு வர்றதெல்லாம் நல்ல சரக்கு. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு கழிச்சா அதிகம். மேனேஜர் தேவநாதன் சார் ஒரு மீட்டிங்குல சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, "என்ன மேடம், உங்க டிபார்ட்மெண்டுக்கு வேலையே இல்ல போல?" விளையாட்டுக்குத்தான் கேட்டாரு. எனக்கு விளையாட்டு பிடிக்கும்தான். ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அந்தச் சமயத்துல என்னைப் பெங்களூருக்கு ரெண்டு நாள் ட்ரெய்னிங் அனுப்பினாங்க. செஞ்சு முடிக்கிறதுக்குள்ள எந்த எந்தக் கட்டத்துல பார்க்கணும், எங்க பார்க்காம விடலாம், அதுதான் பாடமே. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் நேரம் போகுது, ஆள் போகுது, லைன் நிக்குது. அதனால தேவையில்லாத இடத்துல பார்க்கிறதை எடுத்துடணும்னாரு அந்த வாத்தியாரு. தேவையான இடத்துல எடுக்கக் கூடாதுன்னும் சொன்னாரு, இல்லேங்கல. ஆனா எது தேவைன்னு அந்தந்த இடத்துல இருக்கிறவங்கதானே முடிவு பண்ணணும்?

திரும்பி வந்தேன். லைட் டேபிளை எடுத்துட்டு கடைசியில மட்டும் பார்ப்போம்னு எழுதிக் குடுத்தேன். நடுவுல ஒருத்தி பார்க்கிறான்னு தெரிஞ்சா ஒட்டுறவளுக்குப் பொறுப்பு குறையும், எப்படியும் நாகவேணி எடுத்துடுவான்னு மெத்தனம் வரும். தேவநாதன் சாருக்கும் ஆள் மிச்சம். சரின்னாரு. ஹால்ல எல்லாரையும் நிறுத்தி நானே அறிவிச்சேன். எல்லாரும் தலையாட்டினாங்க. இவ மட்டும் கையைத் தூக்கினா.

"மேடம், இங்க பார்த்தா ஒரு குப்பிதான் போகும். கடைசியில பார்த்தா முழு செட்டும் போகும். அதுவும் சுருட்டிக் கவர்ல போட்ட பிறகு குப்பிக்கு ஒரு பக்கந்தான் தெரியும். பின்பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கிறதை யாரால பார்க்க முடியும்?"

சரியாத்தான் சொன்னா. நான் இல்லேங்கலையே! ஆனா அதை என் ரூமுக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல? நாப்பது பேர் முன்னாடியா? பின்னாடியிருந்து யாரோ ஒருத்தி, "அப்படிச் சொல்லுடி"ன்னா. மாஸ்க் போட்டிருக்கிறதால யாருன்னு தெரியல. ஒரு சிரிப்பு வேற. நாப்பது ஜோடிக் கண்ணும் சிரிச்சுது. அதை நான் மறக்கவே மாட்டேன் கண்ணு. மன்னிச்சுட்டேன், அது வேற. மறக்க மாட்டேன்.

டேபிளைத் தூக்கி ஸ்டோர்ல போட்டாச்சு. அவளைக் குப்பி ஒட்டுற பெஞ்சுல உக்கார வெச்சேன். வேலையை விட்டு எடுக்கல பாரு. எடுத்திருக்கலாம்.

நாலு மாசம் நல்லாப் போச்சு. நடுவுல அவளுக்கு டைபாய்டு வந்து மூணு வாரம் லீவு. திரும்பி வந்ததுலேர்ந்து ஒரே நச்சரிப்பு. "மேடம், என்னைப் பேக்கிங்ல போடுங்களேன்." ஏன்னு கேட்டா சொல்லமாட்டா, தரையைப் பார்ப்பா. ரெண்டு தடவை வந்தா. லைட் டேபிள் போன கடுப்பு, இப்ப ஒட்டுற வேலை கௌரவக் குறைச்சலா இருக்குன்னு நினைச்சேன். மூணாவது தடவை வந்து, "உங்ககிட்டத் தனியா ஒரு விஷயம் சொல்லணும்"னா. எனக்கு அன்னைக்கு ஆடிட் வேலை தலைக்கு மேல. "எதுவா இருந்தாலும் எழுதிக் குடு"ன்னேன். மறுநாள் மடிச்சு ஒரு காகிதம் குடுத்தா. வாங்கி ஹேண்ட்பேக்ல வெச்சேன்.

அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அந்தப் புகார் வந்துச்சு. ஏதோ ஒரு ஆஸ்பத்திரி. உன்னை மாதிரி ஒரு நர்ஸு, கவரைப் பிரிச்சு மாட்டப் போறப்ப பார்த்திருக்கு. குப்பிக்குள்ள முடி. நீளமா, சுருண்டு. போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. நோயாளி குழந்தையாம். நல்லவேளை, மாட்டல.

தேவநாதன் சார் அந்த போட்டோவை என் மேசையில போட்டு, "இது எப்படி மேடம் உங்களைத் தாண்டிப் போச்சு?"ன்னாரு. கவர்ல பின்பக்கமா இருந்திருக்கும். அந்த வாரமே கடைசிச் சோதனையில இன்னும் மூணு கிடைச்சுது. அவரு, "பேசாம அந்த லைட் டேபிளைத் திரும்பப் போட்டு நாகவேணியை உக்கார வைங்க"ன்னாரு. சட்டுனு அவ பேரைத்தான் சொன்னாரு பாரு! டேபிளைத் திரும்பப் போட்டா என்ன அர்த்தம்? சாந்தகுமாரி எடுத்த முடிவு தப்புன்னு அர்த்தம். அந்த நாப்பது ஜோடிக் கண்ணும் மறுபடியும் சிரிக்கும்.

நான் சொன்னேன், "சார், டேபிள் போட்டா முடி கிடைக்கும். ஆள் கிடைக்காது. பத்து நாள் டயம் குடுங்க. இது யாரோடதுன்னு நிரூபிச்சுக் காட்டறேன்."

அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மதியம் எல்லாரும் சாப்பிடப் போற நேரம் நான் மட்டும் ஹாலுக்குள்ள போவேன், சாப்பிடாம. கையில டார்ச். குப்பி ஒட்டி முடிச்ச ட்ரே எல்லாம் வரிசையா இருக்கும். ஒவ்வொண்ணா எடுத்து அடிச்சுப் பார்ப்பேன். முதல் நாள் ஒண்ணு. ரெண்டாம் நாள் மூணு. எல்லாம் ஒரே மாதிரி முடி, நீளமா, வேர்ப்பக்கம் வெளுத்து. கிடைச்சதும் குப்பியோட அடியில பேனாவால ஒரு சின்னப் புள்ளி வெச்சுட்டு, திருப்பி ட்ரேயிலயே வெச்சுடுவேன்.

ஏன் வெச்சேன்னா? நல்லாக் கேட்ட. அங்கயே எடுத்துப் போட்டிருந்தா என்ன ஆகும், வெறும் முடிதானே என் கையில இருக்கும்? நானே கொண்டுவந்து போட்டேன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. அது முழுசாப் போகணும். ஊசி மாட்டி, காத்தடிச்சு, சுருட்டி, கவர்ல ஒட்டி, எல்லாம் முடிஞ்ச பிறகு எல்லார் முன்னாடியும் கவரைக் கிழிச்சு, "பாருங்க, உங்க லட்சணத்தை"ன்னு காட்டினாத்தான் அதுக்கு ஒரு வலு. பழுத்த பிறகு அறுக்கிற மாதிரி. எப்ப பார்க்கணுமோ அப்ப பார்க்கணும், அதுதானே பாடம்?

பத்து நாள்ல இருபத்து மூணு செட்டு அப்படிப் புள்ளி வெச்சு அனுப்பினேன். கடைசியில நானே நின்னு இருபத்திரண்டைப் பிடிச்சேன்.

இன்னொண்ணா? அது வரல. எங்கயாவது உடைஞ்சு குப்பையில போயிருக்கும். காத்துச் சோதனையில தினமும் நாலஞ்சு உடையும். அந்தப் பத்து நாள்ல கிளம்பின பெட்டிங்களை நிறுத்திப் பார்த்திருக்கலாம்தான். ஆனா நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் புகார் வரலையே. வரலேன்னா இல்லைன்னுதானே அர்த்தம்? நீ ஏன் கண்ணு இப்படிப் பார்க்கிற?

அந்த லெட்டரா? அதைச் சொல்ல விட்டுட்டேனா.

படிச்சேன். குடுத்த அன்னைக்கே பஸ்ஸுல படிச்சேன். பெரிசா ஒண்ணும் இல்ல. "மேடம் அவர்களுக்கு நாகவேணி எழுதுவது. காய்ச்சல் வந்து போன பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தொப்பிக்குள் துணி கட்டி வருகிறேன். அப்படியும் விழுகிறது. நான் உட்காரும் இடத்தில் குப்பி திறந்திருக்கிறது. உள்ளே விழுந்து யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்று பயமாக உள்ளது. முடி நிற்கும் வரை என்னை மூடின வேலையில் போடவும். கூட்டிப் பெருக்கினாலும் சரி. தயவு செய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்." கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அதைச் சொல்லணும்.

ஆமா, தெரியும்தான். போட்டோவைப் பார்த்ததுமே யாரோடதுன்னு தெரியும். தெரிஞ்சா மட்டும் போதுமா? முடி கொட்டுதுன்னு ஒருத்தி எழுதிக் குடுத்துட்டா, குப்பியில இருக்கிறது அவளோடதுதான்னு ஆயிடுமா? ஆதாரம் வேணும். நான் சயின்ஸ் படிச்சவ.

பதினோராவது நாள். கேண்டீன்ல நாப்பத்திரண்டு பேரையும் வரிசையா நிறுத்தினேன். தேவநாதன் சாரை நாற்காலி போட்டு உக்கார வெச்சேன். மேசை மேல இருபத்திரண்டு கவர். ஒவ்வொண்ணாக் கிழிச்சு, முடியை இடுக்கியால எடுத்து வெள்ளைத்தாள்ல வெச்சேன். "இது உங்கள்ல ஒருத்தரோடது. ஆளுக்கு ஒரு முடி குடுத்துட்டுப் போங்க, நான் ஒப்பிட்டுப் பார்க்கணும்"னேன். தொப்பியைக் கழட்டி, ஆளாளுக்கு ஒண்ணு பிடுங்கிக் குடுத்தாங்க. டேப்புல ஒட்டிப் பேரெழுதினேன். ரெண்டு பேரு அழுதாங்க, எதுக்குன்னே தெரியல. ஒரு முடி பிடுங்கினா வலிக்கவா செய்யும்?

நாகவேணியைக் கடைசியாக் கூப்பிட்டேன்.

அவ வரல. நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு, "மேடம், நான் நாளைக்குத் தர்றேனே"ன்னா.

"எல்லாரும் குடுத்தாச்சு. உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

"மேடம், உங்க ரூம்ல வெச்சுத் தர்றேன்."

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் பேச வாய் இருந்துச்சுல்ல? இன்னைக்கு என்ன?"

இதை நான் சொல்லியிருக்கக் கூடாதுதான். தேவநாதன் சார்கூட என்னைத் திரும்பிப் பார்த்தாரு. ஆனா வந்துருச்சு. அவ வந்தா. என் முன்னாடி நின்னா. தொப்பியைக் கழட்டவே மாட்டேங்குறா. நேரமாகுதேன்னு நானே பிடிச்சு இழுத்தேன். தொப்பியோட உள்ள கட்டியிருந்த துணியும் வந்துருச்சு.

துணியோட முடியும் வந்துருச்சு கண்ணு. ஒரு கைப்பிடி. பிடுங்கவே வேண்டியிருக்கல. தலையில அங்கங்க திட்டுத் திட்டா வெறும் தோலு, நடுவுல சடையில மிச்சம் ஒரு கயிறு கணக்கா. யாரோ ஒருத்தி, "அய்யோ, என்ன வியாதியோ"ன்னா, பக்கத்துல நின்னவங்க ரெண்டடி தள்ளிப் போனாங்க.

அவ அழல. ரெண்டு கையாலயும் தலையை மறைச்சுக்கிட்டு என்னையே பார்த்தா.

"லெட்டர் குடுத்தேனே மேடம்."

நான், "என்ன லெட்டர்?"னேன்.

அந்த நேரத்துல வாயில அதான் வந்துச்சு. யோசிச்சுச் சொன்னதில்ல. சொன்ன பிறகு மாத்த முடியுமா, நீயே சொல்லு? அத்தனை பேர் இருக்காங்க, மேனேஜர் உக்காந்திருக்காரு. பேக்கிங்ல எஸ்தர்னு ஒரு வயசான பொம்பளை, அது வேற முன்னாடி வந்து, "பொய் சொல்லாதீங்க மேடம். இவ எழுதுறப்ப நான் பக்கத்துல இருந்தேன். உங்க கையில குடுத்ததைப் பார்த்தேன்"னுச்சு. நான் ஹேண்ட்பேக்கை மேசை மேல கவுத்துக் காட்டினேன். சீப்பு, சாவி, மாத்திரை. லெட்டர் வீட்டுல இருந்துச்சு.

தேவநாதன் சார் எழுந்து, "உடம்பு சரியில்லாததை மறைச்சுக் குப்பி பக்கத்துல உக்காந்திருக்கே, ஒரு உயிரு போயிருந்தா?"ன்னாரு. அவ கீழ விழுந்த துணியை எடுத்துத் தலையில சுத்திக்கிட்டா. அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. கேட்டு வரைக்கும் அந்த எஸ்தர் கூடவே போச்சு. எஸ்தரை அடுத்த வாரம் ஸ்டோருக்கு மாத்தினேன். பழிவாங்கறதுக்கு இல்ல, சத்தியம். பெட்டி தூக்க ஆள் வேணும்னு அங்க ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்தாங்க.

முடி நின்னுபோச்சு. ஆண்டு விழாவுல எனக்கு ஷீல்டு குடுத்தாங்க, கூடத்துல மாட்டியிருக்கேன்.

ஆனா பாரு, முடி நின்னதும் மத்ததெல்லாம் வர ஆரம்பிச்சுது. பிளாஸ்டிக் பிசிறு. கருப்புப் புள்ளி. பசைக் கட்டி. முன்னாடியும் இருந்திருக்கும்போல, ஏழு வருஷமா டேபிள்லயும், அப்புறம் ஒட்டுற பெஞ்சுல உக்காந்தும் இவ எடுத்துக்கிட்டே இருந்திருக்கா, எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியல. நாங்க கடைசியில பார்த்துக் கழிக்கக் கழிக்க, ஹால் மூலையில செட்டுங்க குவியலாக் கிடந்துச்சு. ஆஸ்பத்திரிங்கள்லேர்ந்து மறுபடியும் போட்டோ. ஒரு நாள் காலையில நான் போறேன், ஸ்டோர்லேர்ந்து லைட் டேபிளைத் தூக்கிட்டு வந்து பழைய இடத்துலயே போட்டிருக்காங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. ஆளு மாத்தி ஆளு உக்கார வெச்சாங்க. ஒருத்திக்கும் கண்ணு நிக்கல. மதியத்துக்கு மேல எல்லாம் ஒண்ணு போலத் தெரியுதுங்குறாளுக.

தேவநாதன் சார் என்னைக் கூப்பிட்டு, "நாகவேணிக்கு இப்ப உடம்பு தேவலையாம். நீங்களே நேர்ல போய்க் கூட்டிட்டு வாங்க"ன்னாரு. வேற யாரையாவது அனுப்பலாம்ல? "அவமானப்பட்டது உங்க கையாலதானே, நீங்க கூப்பிட்டாத்தான் வருவாங்க"ன்னாரு. அவமானமாம். டெஸ்ட்டுக்கு அவமானம்னு பேரு.

போனேன். ராயக்கோட்டை தக்காளி மண்டியில வேலை செய்யறான்னாங்க. அழுகினது தனியா, காயி தனியா, பழம் தனியாப் பிரிச்சுக் கூடையில போடற வேலை. பொம்பளைங்க எல்லாம் வட்டமா உக்காந்து பேசிக்கிட்டே பொறுக்குறாங்க, இவ மட்டும் தள்ளி, சுவரோரமா, தனிக் கூடை வெச்சுக்கிட்டு. தண்ணிக்கும் தனியா ஒரு சொம்பு பக்கத்துல. எங்க போனாலும் அப்படித்தான், கூட்டத்தோட சேரவே மாட்டா. வீட்டுக்காரனும் பிரிஞ்சு போயிட்டான்னு வழியிலயே கேள்விப்பட்டேன். சேர்ந்து வாழற சுபாவம் வேணும்ல?

மொட்டை அடிச்சு, கொஞ்சம் முளைச்சிருந்துச்சு. நல்லாத்தான் முளைச்சிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னா. ஒரு பெட்டியைக் கவுத்துத் துடைச்சு, "உக்காருங்க மேடம்"னா. நான் விஷயத்தைச் சொன்னேன். லைட் டேபிள் வந்துருச்சு, நீ வந்து பழையபடி உக்காருன்னேன்.

ஒரு அழுகின தக்காளியை எடுத்துத் தனியாப் போட்டா.

"வர்றேன் மேடம். எனக்கும் வேற வழியில்ல. ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு நிறுத்தினீங்களே, அதே கேண்டீன்ல, அதே ஆளுங்க முன்னாடி, நான் லெட்டர் குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"முடிஞ்சு போனதை எதுக்கு நாகவேணி..."

"மன்னிப்பெல்லாம் வேணாம் மேடம். படிச்சுக்கூடக் காட்ட வேணாம். குடுத்தான்னு சொன்னாப் போதும். தெரிஞ்சே நோயாளிக்கு விஷம் வெச்சவன்னு என் ஊருல பேசுறாங்க. என் மாமியா என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கிறதில்ல. நான் சொன்னேன், நீங்கதான் கேக்கலன்னு வேணாம். சொன்னேங்கிறது மட்டும் நாலு பேருக்குத் தெரியணும்."

"அந்த லெட்டர் எங்க போச்சுன்னே எனக்குத் தெரியலையே"ன்னேன்.

"அது எங்க இருந்தா என்ன மேடம். நான் குடுத்தது குடுத்ததுதானே."

நான் எழுந்துட்டேன். அவ மறுபடியும் கூப்பிடுவா, கெஞ்சுவா, பஸ் ஸ்டாப் வரைக்குமாவது வருவான்னு நினைச்சேன். திரும்பிப் பார்த்தா, உக்காந்து பொறுக்க ஆரம்பிச்சுட்டா. திமிரைப் பார்த்தியா? தண்ணி குடுக்க ஆளில்ல, வேலைக்குக் கூப்பிட வந்தவகிட்ட நிபந்தனை.

தேவநாதன் சார்கிட்ட, "வரமாட்டேன்னு கண்டபடி திட்டி அனுப்பிட்டா சார்"னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

அவரு நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்தாரு. அப்புறம், "சரி மேடம். அவங்க மனசு மாறி வர்ற வரைக்கும் அந்த டேபிள்ல நீங்களே உக்காருங்க. அதை எடுக்கச் சொன்னதும் நீங்கதானே"ன்னாரு.

இப்ப புரியுதா என் நிலைமை? எம்.எஸ்ஸி. படிச்சவ. காலையில எட்டரைக்கு உக்காந்தா சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் குப்பி. ஒரு நாளைக்கு மூவாயிரம். ட்ரேயைக் கொண்டாந்து வைப்பாளுக, எடுத்துட்டுப் போவாளுக. ஒருத்தி பேசறதில்ல. மேடம்னு ஒரு வார்த்தை கிடையாது. மாஸ்க்குக்கு மேல அந்தக் கண்ணுங்க, என்னை விட்டுட்டு மேசையை மட்டும் பார்க்கும்.

சேலத்துக்கு எதுக்கு வந்தேன்னு கேக்கிறியா? கண் ஆஸ்பத்திரிக்கு. ஓசூர்ல காட்டினா யாராவது பார்த்துடுவாங்க. தை மாசத்துலேர்ந்தே வெளிச்சத்தைப் பார்த்தா சுத்திலும் ஒரு வளையம். குப்பி எல்லாம் பால் ஊத்தின மாதிரி. வயசாச்சு, கண்ணாடி மாத்தினாச் சரியாயிடும்னு இருந்தேன். ரெண்டு கண்ணுலயும் புரையாம். வலது கண்ணுல நல்லா முத்திப்போச்சு, ஏம்மா இத்தனை நாள் வரலேன்னு டாக்டர் திட்டுறாரு. ஆபரேஷன் பண்ணணும், ஒண்ணு முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு இன்னொண்ணு.

கம்பெனியில சொல்லாம இருப்பேனா? சொல்லத்தான் போறேன். ஆனா இப்பவே சொன்னா, எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேப்பாங்க. தை மாசத்துலேர்ந்து பார்த்ததெல்லாம் என்னன்னு கேப்பாங்க. மேடம் மேடம்னு வீட்டுக்கு அனுப்பிட்டு என் நாற்காலியில வேற யாரையாவது உக்கார வெச்சுடுவாங்க. ஆடிட் முடியட்டும். சம்பள உயர்வு முடியட்டும். அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்.

அதுவரைக்குமா? அதுவரைக்கும் பார்க்கத்தான் பார்ப்பேன். கையில எடுக்கிறேன், ஒரு திருப்பு திருப்பறேன், வைக்கிறேன். பெரிசா இருந்தாத் தெரியுது. தெரியலேன்னா நல்லதுன்னு விட்டுடறேன். எல்லாத்தையும் கழிச்சுட்டா சந்தேகம் வரும்ல? எனக்கப்புறம் எத்தனை கை இருக்கு. காத்தடிக்கிறவ இருக்கா, சுருட்டுறவ இருக்கா, கவர் ஒட்டுறவ இருக்கா. எல்லாத்தையும் தாண்டி வந்துட்டாலும் கடைசியில நீங்க இருக்கீங்க. நரம்புல குத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெளிச்சத்துல தூக்கிப் பார்க்க மாட்டீங்களா? சம்பளம் வாங்கறீங்கல்ல?

என்ன கண்ணு, எழுந்துட்ட? கிருஷ்ணகிரி இன்னும் வரலையே. பையை எதுக்கு எடுக்கிற? அங்க பின்னாடி எதுக்கும்மா போற, அந்தப் பக்கம் வெயில் அடிக்கும்.